பச்சை மேசைக்குச் சிவப்புக் கால்

ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடையில் மிளகாய்த்தூள் வாங்க நின்றபோதுதான் எனக்குச் சாவுச் செய்தி தெரிந்தது. கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அண்ணை, உங்களுக்குத் தெரியாதோ? தவமணி அக்கா மோசம் போயிட்டா" என்றார். நான் "ஓம்" என்றேன். எதற்கு ஓம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. தூளை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்கள் இந்த நகரத்தில் பலர். ஆஸ்பத்திரியில் அவரோடு தாதியாக வேலை செய்தவர்களும், இந்த நாட்டுக்கு வந்த முதல் நாளில் அவர் வீட்டில் தங்கியவர்களும் என்னைவிட நன்றாக எழுதக்கூடும். எனக்கு எழுதத் தெரிந்தது ஒரு மேசையைப் பற்றி மட்டுமே.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் துறைமுகப் பாரந்தூக்கிகளுக்கு வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். மனைவி ஊரில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். மகள் வசந்தியை யாழ்ப்பாணத்தில் அவளுடைய பெரியம்மா வளர்த்தார். கைக்குழந்தையாக நான் விட்டுவந்த பிள்ளை. அவளை என்னிடம் கூப்பிடுவது என்று முடிவானதும், அலுவலகத்தில் எனக்குப் பழகிய முறையிலேயே தொடங்கினேன். அறையை அளந்து வரைபடம் போட்டேன். பெரியம்மாவுக்கு எழுதி, பிள்ளையைக் கதிரையில் இருத்தி, நிலத்திலிருந்து முழங்கை வரை அளந்து ஒரு நூல் அனுப்பச் சொன்னேன். சட்டை தைக்க அளவு அனுப்புவதுபோல, கடித உறைக்குள் ஒரு வெள்ளை நூலும், பிள்ளையின் போட்டோ ஒன்றும் வந்து சேர்ந்தன.

பழைய சாமான் கடையில் மலிவாக ஒரு மேசை எடுத்தேன். கறுத்த மரம், மை சிந்திய பலகை, இழுத்துத் திறக்கும் ஒரு பெரிய லாச்சி. தவமணி அக்கா பார்க்க வந்தார். எவர் வீட்டுக்குப் போனாலும் தன் செருப்பைப் பையில் கொண்டுவந்து மாற்றிப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். செருப்பை மாற்றிவிட்டு மேசையைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"தம்பி, இது பிள்ளைக்கு மேசையோ, அரசாங்கக் கச்சேரியில காணிப் பிரிவினை செய்யிற மேசையோ?"

"காலை வெட்டலாம் எண்டு யோசிச்சனான் அக்கா. நூல் இருக்கு."

"அப்ப வெட்டுவம். யோசிச்சால் கால் கட்டையாகுமோ?"

நூலை வைத்து நான்கு தரம் கோடு போட்டேன். வாளின் முதல் இழுப்பிலேயே கோட்டைவிட்டு விலகிவிட்டேன். அக்காவே வாங்கி அறுத்தார். ஒவ்வொரு காலிலும் ஒரு சாண் அளவு விழுந்தது. குப்பைக்குப் போகவிருந்த நான்கு துண்டுகளையும் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "நல்ல மரம். பூச்சட்டி வைக்கலாம்."

சொரசொரப்பான தாளால் பழைய வார்னிசைத் தேய்த்தெடுத்து, அடிப்பூச்சுப் பூசி, காயவிட்டு, மேலே இளம்பச்சை பூசினேன். கண்ணுக்கு இதமான நிறம் என்று எங்கோ வாசித்திருந்தேன். அக்கா முகத்தைச் சுளித்தார். "இது எங்கட வார்ட்டுச் சுவர். நாள் முழுக்க இதைத்தான் பாக்கிறன்." ஆனாலும் தூரிகையை எடுத்து லாச்சியைப் பூசியவர் அவர்தான். நெடி தாங்காமல் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா மேலேறி வந்து கதவைத் தட்டினார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டு, "எங்களுக்கு ஒரு பிள்ளை வரப்போகுது" என்று அவர்களுடைய மொழியில் சொன்னார். அந்த அம்மா திரும்பிப் போய், நிலத்தில் விரிக்கப் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பிறகு கடதாசி வேலைகள் இழுபட்டன. ஒரு அன்ராக், பிள்ளையைக் கூப்பிடும் விண்ணப்பம், திரும்பி வந்தது, இன்னொன்று போனது. இரண்டு கோடைகள் கழிந்தன. மேசைமேல் தூசி படியாதபடி துணி போட்டு மூடிவைத்திருந்தேன்.

வசந்தி வந்தாள். மெல்லிய, உயரமான பிள்ளை. விமான நிலையத்தில் என்னிடமிருந்து ஓரடி தள்ளியே நடந்தாள். அறைக்குக் கூட்டிச் சென்று துணியை நீக்கினேன். அவள் கதிரையில் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் லாச்சியில் இடித்தது.

"இது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் அம்மா."

"இது சின்னப்பிள்ளையின்ர மேசை" என்று எழும்பிவிட்டாள். "நான் பெரியம்மாட்டப் போகப்போறன்."

பல வாரங்கள் அவள் பாடங்களை ஜன்னல் விளிம்பில் நின்றபடியே எழுதினாள். என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டாள். ஊரிலிருந்து பெரியம்மா எழுதினார்: பிள்ளைக்கு ஒத்துவராவிட்டால் விடுமுறைக்கு அனுப்பிவிடு, இங்கேயே இருக்கட்டும், உன்னில் ஒருவரும் பிழை சொல்லமாட்டோம். அவர் சொல்வதே சரி என்று எனக்குப் பட்டது. நான் தகப்பனாக இருக்கப் பழகாதவன். அனுப்புவதாகப் பதில் எழுத முன், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனேன்.

அக்கா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை. "நாங்கள் ரெண்டுபேரும் போட்டோவில இருக்கிற பிள்ளைக்கு மேசை செய்திருக்கிறம் தம்பி. வந்திருக்கிறது வேற பிள்ளை. அதைத் திருப்பி அனுப்ப முதல் ஒருக்காப் பாப்பமே?"

எழும்பி ஜன்னலுக்குப் போனார். பூச்சட்டிகளைத் தூக்கி நிலத்தில் வைத்தார். அடியில் அந்த நான்கு துண்டுகளும் இருந்தன. தண்ணீர் ஊறி ஒவ்வொன்றிலும் வட்டக்கறை விழுந்திருந்தது. அவற்றையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார்.

"பிள்ளை, இஞ்ச வாரும். உம்மட கொப்பரும் நானும் மேசையைத் தூக்கப்போறம். நீர்தான் கீழ கட்டை வைக்கவேணும். எங்களுக்குக் குனிய ஏலாது."

வசந்தி யோசித்தாள். பிறகு முழந்தாளிட்டாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நேராக்கி வைத்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா என்னைப் பார்த்து, "பாரந்தூக்கி கீறுற இஞ்சினியர், ஒரு மேசையைத் தூக்கத் தெரியேல்லை" என்றார். கீழிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு,

"அப்பா, மேசை ஆடுது. காலில போட்டிடாமல் மெல்ல வையுங்கோ."

வைத்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

வசந்தி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். இப்போது மேசை நெஞ்சுவரை வந்தது. தோள் இரண்டும் உயர்ந்து நின்றன. அக்கா கையால் அளந்து பார்த்தார். "கொஞ்சம் கூடிப்போச்சு. கட்டையில பாதியை வெட்டுவமோ?"

"வேண்டாம்" என்றாள் வசந்தி. "நான் வளருவன்தானே."

பெரியம்மாவுக்கு நான் எழுத நினைத்திருந்த கடிதத்தை எழுதவேயில்லை.

துண்டுகளைப் பசையிட்டு ஒட்டிய பிறகு, என்ன நிறம் என்று அக்கா அவளிடம் கேட்டார். சிவப்பு என்றாள். பச்சை மேசைக்குச் சிவப்புக் கால் பொருந்துமா என்று நான் தயங்கினேன். "கால் பிள்ளையின்ர. நீர் பேசாமல் இரும்" என்றார் அக்கா. வசந்தியே பூசினாள். சிவப்புக்கு அடியிலும் பூச்சட்டியின் வட்டக்கறை தெரியும் என்று அவள் பின்னாளில் எல்லோருக்கும் காட்டுவாள். எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆனால் ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடையிலிருந்து வீடு வந்து அவளுக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டாள். பிறகு, "தவமணி அன்ரி கடைசிவரைக்கும் அந்தப் பூச்சட்டியளைக் கட்டை இல்லாமல் வெறும் ஜன்னல் தட்டிலதான் வைச்சிருந்தவா அப்பா" என்றாள்.

தவமணி அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு சிறு பழக்கம்தான். இப்போதும் வசந்தி என்னைப் பார்க்க வந்து மணி அடிக்கும்போது, கதவைத் திறந்து உடனே உள்ளே கூப்பிட்டுவிடுவதில்லை. ஒரு கணம் நின்று அவளைப் பார்க்கிறேன். தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. போன தடவை பார்த்ததைவிடக் களைத்திருக்கிறாள், அல்லது தெளிந்திருக்கிறாள். வந்திருப்பது யார் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான், "வாங்கோ அம்மா" என்கிறேன்.