புகழுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

பகல் முழுக்க வேலை செய்து களைத்து வரும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பது என் தொழில். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் வகுப்பு. பேருந்து நேரம் கேட்பதையும் வைத்தியரிடம் வயிற்றுவலி சொல்வதையும் இரண்டு மாதத்தில் பழக்கிவிடலாம். ஒருவரைப் பெரிய ஆள் என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படி முழித்தவர் நீங்கள் என்றால், நாம் ஒரே கட்சி.

வரவேற்புரை

என் வகுப்புக்கு வரும் பரீத் நானா திகனையில் துணிக்கடை வைத்திருப்பவர். பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் பெற்றோர் சங்கச் செயலாளரும் அவர்தான். அதிபர் ஓய்வு பெறும் விழாவில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று இரண்டு வாரம் பாடமாக்கினார். விழாவுக்கு முதல் நாள் என்னிடம் பேசிக் காட்டினார். முதல் வரியிலேயே அதிபரை 'நொட்டோரியஸ்' என்றார். போனில் தேடியபோது 'பேர் போன' என்று வந்ததாம். திருடனுக்கும் கசிப்புச் சாராயம் காய்ச்சுபவனுக்கும் சொல்லும் சொல் அது என்றதும் முகம் வெளிறிவிட்டது. அதை வெட்டிவிட்டு, புகழ்பெற்ற என்ற பொருளில் 'ரினவுண்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். 'வெல் நோன்' என்று எழுதியிருக்கலாம். என் கெட்டித்தனத்தைக் காட்ட ஆசைப்பட்டது என் பிழை.

மேடையில் அது 'ரன் அவுட்' என்று வந்தது. "எங்கள் ரன் அவுட் அதிபர் அவர்களே!" மண்டபமே சிரித்ததாம். அதிபர்தான் அதிகம் சிரித்தாராம். இதைக் கேள்விப்பட்டதும், மனிதர் இனி இந்தப் படி ஏறமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் எல்லோருக்கும் முன்பே வந்து முன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருபது வருஷம் ஆடின மனிசன் நேத்து கிரவுண்ட விட்டுப் போனார். நான் சொன்னதுல என்ன பிழை, டீச்சர்?"

பேமஸ்

சிவா த்ரீவீல் ஓட்டுகிறவர். பல்லேகலையில் கிரிக்கெட் மேட்ச் நடக்கும் நாட்களில் ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்பார். ஒருநாள் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் ஏறினார். வாசலில் இரண்டு பேர் ஓடிவந்து அவரோடு படம் எடுத்ததைப் பார்த்துவிட்டு, வகுப்பில் படித்ததைப் பயன்படுத்த இதுதான் நேரம் என்று சிவா கேட்டிருக்கிறார், "ஆர் யூ பேமஸ், சேர்?"

"ஐ யூஸ்ட் டு பீ" என்றாராம் அவர். அதற்குப் பிறகு கண்டி வரைக்கும் அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாராம். சிவா அதை அப்படியே மனதில் வைத்திருந்து மறுநாள் என்னிடம் கேட்டார். 'பழகிப்போச்சு' என்றுதான் அவர் விளங்கிக்கொண்டிருந்தார். இல்லை, 'ஒரு காலத்தில் இருந்தேன், இப்போது இல்லை' என்று அர்த்தம் என்றேன். சிவா கொப்பியை மூடிவைத்தார்.

"நான் அவருக்கு 'வெரி குட் சேர், கீப் இட் அப்'னு சொல்லிட்டேனே, டீச்சர்."

அவுட்ஸ்டாண்டிங்

லெச்சுமி ஆடைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக மெஷினில் இருந்தார். சுப்பர்வைசர் வேலைக்கான நேர்முகம் ஆங்கிலத்தில் நடக்கும். உங்களைப் பற்றி ஒரு சொல்லில் சொல்லுங்கள் என்று கேட்பார்கள், 'அவுட்ஸ்டாண்டிங்' என்று சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார். நேர்முகத்தில் அந்தக் கேள்வியே வந்தது. லெச்சுமி வாயைத் திறக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சப்பாத்து இல்லாமல் போன நாட்களில் வகுப்புக்கு வெளியே வெயிலில் நிற்க வைப்பார்களாம். எனக்கு அந்தச் சொல்லில் பாராட்டு கேட்டது. அவருக்கு அவுட்டும் ஸ்டாண்டும் மட்டும்தான் கேட்டிருக்கிறது. "அதக் கேட்டாலே கால் சுடுது டீச்சர்" என்றார். கூட்டத்தில் தனியாக எடுப்பாகத் தெரிகிறவர் என்பதுதான் அதன் பொருள் என்று விளக்கினேன். வேண்டாம், வேறு சொல் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "இதையே சொல்லிப் பழகுறேன்" என்றார். அடுத்த நான்கு மாதம், வேலை முடிந்து நேரே வந்து, வகுப்பு தொடங்குமுன் பத்துத் தடவை அந்த ஒரு சொல்லைச் சொல்வார். மழை நாளிலும் தவறவில்லை.

மறுபடி நேர்முகம் வந்தது. போனார். கிடைத்தது. செய்தி சொல்ல வந்தபோது அழவுமில்லை, பெரிதாகச் சிரிக்கவுமில்லை.

"கதிரையக் காட்டுனாங்க டீச்சர். நான் ஒக்காரல. உள்ள நின்னுக்கிட்டேதான் அதச் சொன்னேன்."

புகழ் என்ற ஒன்று என் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை என்றாலும், அதற்குரிய பதினொரு ஆங்கிலச் சொற்களை எழுத்துப்பிழை இல்லாமல் எழுத எனக்குத் தெரியும்.