ஒட்டுப் போடாத உடுப்பு

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் என்பதால் வீட்டிலும் அவளுக்கு விசில் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மைதானத்தில் அவள் ஊதினால் ஓடுகிற பிள்ளை அப்படியே நிற்கும். வீட்டில் அவள் பேச்சுக்கு நாற்காலிகூட நகராது. காரணம், மாடியில் குடியிருந்த ஓரகத்தி, அதாவது கணவனின் அண்ணன் மனைவி.

அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று விசில் நினைக்காத நாளில்லை. படிப்பில் விசில்தான் ஒரு படி மேல். வேலைக்குப் போவதும் விசில்தான். ஆனால் ஓரகத்தியின் அம்மா ஹாலில் படமாகத் தொங்கினாள். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி, தோளில் குட்டை மேலங்கி, ஏப்ரனின் மார்பில் சிலுவைக் குறி. போர்க்கால நர்ஸ். வந்தவர்கள் உட்காரும் முன்பே ஓரகத்தி அந்தக் கதையைத் தொடங்கிவிடுவாள். வீட்டில் யாருக்குத் தலைவலித்தாலும் அவள் கைதான் நெற்றிக்கு வரும். "ரத்தத்துலயே இருக்கு" என்று மாமனார் உருகுவார்.

அதையெல்லாம்கூட விசில் பொறுத்துக்கொண்டாள். ஒருமுறை காய்ச்சலில் கிடந்த மகள், ஈரத்துணியோடு பக்கத்தில் நின்ற பெற்றவளை விட்டுவிட்டு, "பெரியம்மாவைக் கூப்பிடு" என்று முனகினாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது அந்தப் பெண் நர்சிங் படிக்கப் போகிறாளாம், பெரியம்மாவின் அம்மாவைப் போல. பெற்றது நான், பேர் அவளுக்கா என்று விசிலுக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் விசிலின் கூடப்பிறந்த அண்ணன் வீடு மாற்றும்போது பழைய பெட்டியிலிருந்து ஒரு படம் கிடைத்தது. விசிலின் அம்மா, அதே மாதிரி வெள்ளை உடுப்பில். உயிரோடு இருந்தவரை அம்மா இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. விசில் அன்றைக்கே கண்ணாடி போட்டு, ஹாலில் ஓரகத்தி அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாள். மகள் இரண்டு பாட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துப் பூரித்துப்போனாள். ஓரகத்தி மட்டும், வெள்ளை உடுத்தினவர்கள் எல்லாம் நர்ஸ் ஆகிவிடுவார்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு மாடியேறிப் போனாள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஓய்வுபெற்ற மேட்ரன் ஒருவர், பழைய படங்களில் உள்ள நர்சுகளின் உடுப்பைப் பார்த்தே எந்தப் படை, எந்தச் சங்கம் என்று சொல்லிவிடுவாராம். ஓரகத்தி குளிக்கப் போன நேரத்தில் விசில் இரண்டு படங்களையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மேட்ரன் பூதக்கண்ணாடியோடு வெகுநேரம் குனிந்திருந்தார். மேலங்கி ராணுவ நர்சுகளுடையது, ஏப்ரனில் உள்ள குறியோ தொண்டர் சங்கத்துடையது, இரண்டையும் சேர்த்து எந்த நர்சும் போட்டிருக்க முடியாது என்றார். இரண்டு படத்திலும் மேலங்கியின் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு மாதிரி இருப்பதையும் காட்டினார்.

"ரெண்டும் ஒரே டிரஸ்தாம்மா. ஸ்டுடியோவுல போட்டோவுக்குக் கோட்டு மாட்டிவிடுவாங்கல்ல, அந்த மாதிரி வச்சிருந்தது. ரெண்டு பேரும் ஆசைக்குப் போட்டு எடுத்துக்கிட்டிருக்காங்க."

பஸ்ஸில் பாதி வழிவரை விசிலுக்கு அழுகை வந்தது. அதன்பிறகு, ஓரகத்தியின் அம்மாவும் நர்ஸ் இல்லை என்பது உறைத்தது. இத்தனை வருஷப் பெருமையும் வாடகைச் சட்டை. மாமனார் முன்னாலேயே மூக்கை அறுத்துவிட வேண்டும் என்று கருவிக்கொண்டே வந்தவள், வாசலில் மகளைப் பார்த்ததும் நின்றாள். அந்தப் பெண் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, இரண்டு பாட்டிகளைப் பற்றியும் தோழியிடம் போனில் அளந்துகொண்டிருந்தாள். மாடிப்படியில் ஓரகத்தி கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

"என்னம்மா சொன்னாங்க?" என்றாள் மகள்.

சொல்லிவிட்டால் ஓரகத்தி காலி. கூடவே தன் அம்மாவும் காலி. இந்தப் பெண்ணின் முகமும் வாடிப்போகும்.

"ரெண்டுமே போர்க்கால நர்ஸ் டிரஸ்தானாம்" என்றாள் விசில். அதில் பொய் எதுவும் இல்லை.

மகள் படங்களை வாங்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். ஓரகத்தி மெல்ல இறங்கி வந்தாள்.

"ஸ்டுடியோ டிரஸ்னு சொல்லலையா அவங்க?"

விசிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"சின்ன வயசிலேயே தெரியும். அம்மாவே சொல்லியிருக்காங்க."

இத்தனை வருஷம் முகம் கோணாமல் கதை விட்டிருக்கிறாள். அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்தும் விசிலுக்குப் பொறாமைதான் வந்தது. தோற்றுப்போனதாகவே நினைத்தாள். அப்போதுதான் மேட்ரன் கடைசியாகக் காட்டிய ஒன்று ஞாபகம் வந்தது.

"ஏப்ரன் ஓரத்துல ஒட்டுப் போட்டிருக்கு பாருங்க, உங்கம்மா படத்துல. எங்கம்மா போட்டப்போ அது கிழியவே இல்லை. எங்கம்மா போட்டுக் கழட்டினதைத்தான் உங்கம்மா போட்டிருக்காங்க."

ஓரகத்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். ஒரு படத்தின் அடியில் வெகுநேரம் நின்றாள். பிறகு அடுத்த படத்தின் அடியில். மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அன்றுதான் விசிலுக்குச் சாப்பாடு ருசித்தது.