பெரிய ஆளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை

என் மகள் பல்லுக்குக் கம்பியும் கட்டுவாள், தாடையை வெட்டி நேராக்கியும் வைப்பாள். மற்ற இடங்களில் இரண்டுக்கும் வேறு வேறு டொக்டர்மார். இங்கே உள்ள எங்கள் தமிழ் ஆட்களில் இரண்டையும் படித்த முதல் ஆள் இவள்தான். கோயிலில் பக்கத்தில் யார் இருந்தாலும் இதைச் சொல்லிவிடுவேன். "அன்ரி, போன கிழமையும் சொன்னனீங்கள்" என்பார்கள். நல்லது, இந்தக் கிழமையும் கேட்கட்டும்.

அகதியாகப் படகில் வந்த ஒருவர் அவளிடம் வைத்தியத்துக்கு வந்தார். ஊரில் சண்டைக்குள் ஷெல் பட்டு உடைந்த தாடை கோணலாக ஒட்டியிருந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காது. சோற்றைக் குழைத்துத்தான் விழுங்குவார். மகள் ஒரு வருடத்துக்கு மேல் கம்பி கட்டிப் பல்லை ஒழுங்காக்கி, பிறகு தாடையை வெட்டிப் பொருத்தினாள். அதன்பின் அவருக்குக் கஞ்சியும் சூப்பும்தான். இங்கே வென்ட்வேர்த்வில்லில் எங்கள் தெருவிலேயே தனியாக இருந்தார். நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன்.

ஆறேழு கிழமை போக, இனி மெத்தென்றதைக் கடிக்கலாம் என்று மகள் சொன்னாள். அவர் கடிக்கவில்லை. மெத்தென்ற பாண் துண்டைக்கூட நாக்கால் நசித்து விழுங்கினார். கடித்தால் தாடை திரும்ப உடைந்துவிடும் என்று பயம்.

"இப்பிடியே விட்டால் தாடை இறுகிப்போயிடும், அம்மா. பட்ட பாடெல்லாம் வீண்" என்றாள் மகள்.

குழந்தைக்கு முதல் பல் முளைத்தால் நாங்கள் பல்லுக்கொழுக்கட்டை அவிப்போம். தேங்காயைச் சின்னச் சொட்டுகளாகக் கீறி, பல் மாதிரி கொழுக்கட்டையின் விளிம்பில் குத்தி, குழந்தையின் தலையில் கொட்டுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அவித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

மகள் தட்டைப் பார்த்தாள். "தேங்காய் இப்ப கடிக்கேலாது."

"பல்லில்லாமல் அது என்ன பல்லுக்கொழுக்கட்டை?"

"மாவை மட்டும் கடிக்கட்டும், அம்மா."

டொக்டர் சொன்னால் சரிதானே. சொட்டுகளைப் பிடுங்கினேன். கொழுக்கட்டைகள் பொக்கைவாயோடு கிடந்தன. அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முதல்ல தலையில கொட்டவேணுமெல்லே, அன்ரி?" என்று கதிரையில் இருந்தபடியே தலையைக் குனித்தார்.

ஐந்தாறை எடுத்துக் கொட்டினேன். மடியில் விழுந்த ஒன்றை எடுத்தார். விரலால் அமத்திப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி.

மகள் பாய்ந்து மிச்சத்தைப் பறித்துக்கொண்டு யன்னல் வெளிச்சத்துக்கு ஓடினாள். "மேல்பல்லும் கீழ்ப்பல்லும் வடிவாப் பதிஞ்சிருக்கு! அம்மா, வந்து பாருங்கோ!"

நான் எழும்ப முதலே அவர் கையை நீட்டினார். "டொக்டர், அதைத் தாங்கோ. நான் இன்னும் திண்டு முடிக்கேல்ல."