வனஜா கழுவிய ஸ்பிரிங்

டொராண்டோவில் அழகேசன் கோபப்படுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கோவையில் பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் இருந்த எஞ்சினியர் அவர். இங்கே வந்ததும் எல்லா அலுவலகமும் கேட்டது ஒன்றைத்தான்: கனடிய அனுபவம் உண்டா? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று அவர் திருப்பிக் கேட்டால் கதவைக் காட்டினார்கள். கடைசியில் டான்ஃபோர்த் சாலையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் வால்டர் சேர்த்துக்கொண்டார். குழல் துடைக்க, தரை பெருக்க.

1974 இலையுதிர் காலத்தில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தின் செயலாளர் இரண்டு ஏர் ரைபிள்களைக் கொண்டுவந்தார். சுட்டால் தோளில் உதைக்கிறது, உள்ளே ஸ்பிரிங் ‘ஙொய்ங்’ என்று அலறுகிறது என்றார். வால்டர் கையை விரித்தார். தான் பார்ப்பதாக அழகேசன் சொன்னார். சரிசெய்தால் பழுதுபார்க்கும் மேசை உனக்கு, இல்லையென்றால் துடைப்பம்தான் என்றார் வால்டர்.

ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். குண்டுக்குக் காற்றை அடிக்கும் பிஸ்டனைத் தள்ளுகிற ஸ்பிரிங் நிற்க இடம் தாராளமாக இருந்ததால் ஆடியது, ஆடியதால் அலறியது. ஸ்பிரிங்குக்குள் இறுக்கமாக நிற்கும்படி ஒரு நைலான் தண்டைக் கடைந்தார். ஸ்பிரிங்கின் முனைகளைத் தட்டையாக்கினார். பிறகு கெட்டி கிரீஸை அப்பு அப்பென்று அப்பினார். சத்தம் போனது, உதை குறைந்தது. ஆனால் குண்டும் தூங்கித் தூங்கிப் போய்க் குறி அட்டையின் அடியில் விழுந்தது. தண்டு பருமன் அதிகம் என்று முடிவு கட்டி, அதைத் தேய்க்க பாகங்களைத் தோர்ன்கிளிஃப் பார்க் வீட்டுக்கு எடுத்துப் போனார். சமையலறை மேசையில் வைத்துவிட்டு உப்புத்தாள் வாங்கிவரக் கிளம்பினார்.

திரும்பியபோது மேசை காலி. அன்று ஆயுத பூசை. அவர் மனைவி வனஜா தையல் மெஷின், விமானமேறி வந்த அரிவாள்மனை, அவருடைய அளவெடுக்கும் வெர்னியர் எல்லாவற்றையும் சாமி படத்தின் முன் அடுக்கியிருந்தாள். நடுவில் ஸ்பிரிங், பிஸ்டன், தண்டு, பளபளவென்று, சந்தனப் பொட்டோடு.

சாமி படமே கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே பேசியவர், ஃபிரிட்ஜ் மேல் ஓர் இடம் வரை இறங்கி வந்திருந்தார். இதைத் தாங்க முடியவில்லை.

“இதுல இருந்த கிரீஸ் எங்கே?”

“அழுக்கோட யாராச்சும் பூசைக்கு வெப்பாங்களா? புளி போட்டுத் தேச்சேனுங்க. அப்பவும் முழுசாப் போகலே. பொட்டு வெக்கறதுக்கே வழுக்குது.”

“அது அழுக்கில்லே, என்ற பொழப்பு. நாளைக்கு அந்த ஆளு வர்றான். எடு.”

“கையை வெக்காதீங்க. காலையில மறுபூசை முடிச்சுத்தான் எடுக்கோணும். படிச்ச மனுசன், ஒரு ராத்திரி பொறுக்க மாட்டீங்களா?”

படித்ததால்தான் பொறுக்கவில்லை என்று கத்தினார். இரும்புக்குப் புண்ணியம் தெரியாது, துருதான் தெரியும் என்றார். அவள் சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மறுபூசை முடிந்தபின் பஸ்ஸில் கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தபடி போனார். தண்டைத் தேய்க்கவோ கிரீஸ் தடவவோ நேரமில்லை, செயலாளர் காத்திருந்தார். துடைப்பத்தை மனதில் வைத்துக்கொண்டே பூட்டிக் கொடுத்தார். செயலாளர் சுட்டார். சத்தமில்லை. தோளில் மெல்லிய தள்ளல். குண்டு அட்டையின் நடுவில்.

குருட்டு அதிர்ஷ்டம் என்றார் வால்டர். இரண்டாவதையும் இப்படிச் செய், பிறகு மேசையைப் பற்றிப் பேசலாம் என்றார். அதைவிட எரிச்சல், அழகேசனுக்கே காரணம் தெரியாததுதான். தண்டைத் தொடவே இல்லை. மாறியது ஒன்றே ஒன்று: வனஜா கழுவியது. அப்படியானால் பிசகு தண்டில் இல்லை, தான் அப்பி, ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்த கிரீஸில்.

வீட்டுக்கு வந்து, எவ்வளவு பிசுக்கு மிச்சமிருந்தது என்று கேட்டார்.

“விரல்ல ஒட்டும், கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான். புளி எவ்வளவுன்னும் சொல்லட்டுங்களா?”

இரண்டாவது ரைபிளுக்கும் அதேபோல் தண்டு கடைந்து, புளியில்லாமல் அதே அளவு கிரீஸ் தடவினார். அதுவும் அப்படியே சுட்டது. இரண்டு தடவை வருவதை அதிர்ஷ்டம் என்று சொல்ல வால்டருக்கே வாய் வரவில்லை. செயலாளரின் பாராட்டைத் தான் வாங்கிக்கொண்டு, மேசையை இவருக்குக் கொடுத்தார்.

அந்த வாரம் பிக்கரிங்கிலிருந்து நண்பர் சேதுராமன் வந்தார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துபவர். இவருக்காவது புரியும் என்று அழகேசன் எல்லாவற்றையும் விளக்கினார்.

“எல்லாம் சரி. கிரீஸைக் குறைக்கணும்னு உங்க மனைவிக்குத் தோண வெச்சது யாரு?” என்றார் சேதுராமன்.

வனஜா சேதுராமனுக்கு மட்டும் இன்னொரு காப்பி கொடுத்தாள்.

மறுநாள் புது மேசையில் அழகேசன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். உள்ளே வனஜா வைத்த ஒரு சந்தன உருண்டை. இது என்னவென்று வால்டர் கேட்டார். கிரீஸ் என்றார் அழகேசன்.