வெள்ளிக்கிழமை ஓணான்

என் அக்காவுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நான் மட்டும் நம்பவில்லை. பத்து வயதில் எனக்கு இருந்த ஒரே கொள்கை அதுதான்.

அப்போது மலேசியாவில் பகாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா குலை ஏற்றும் லாரி ஓட்டினார். வீட்டுக்குள் போனுக்கு லைன் கிடைக்காது. முனியாண்டி கோயில் படியில் உட்கார்ந்தால்தான் தெளிவாகக் கிடைக்கும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூசை முடிந்ததும் தோட்டத்தில் பாதிப் பேர் அந்தப் படியில் முனியாண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, வெளியூர் சொந்தங்களோடு கத்திக் கத்திப் பேசுவார்கள். எங்களுக்கு ஓமானில் இருந்து மாமா அழைப்பார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் போடும் ஒரு கம்பெனியில் வெல்டிங் வேலை. முகம் தெரிந்ததும் "என் குட்டி எங்க?" என்றுதான் கேட்பார். குட்டி நான். அக்கா அப்புறம்தான், அம்மாகூட அப்புறம்தான். அந்த வரிசை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அதைக் கெடுத்தது ஓர் ஓணான்.

ஒரு வாரம் மாமா வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினார். மண் நிறத்தில் ஒரு பாலைவன ஓணான், தொண்டை மட்டும் நீலம். அம்மா "சீ, கருமம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இங்க யாருக்கும் இதோட பேர் தெரியல. நீங்க கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றார் மாமா. நான் "நீல ஓணான்!" என்று கத்தினேன். அக்கா கத்தவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதுகில் பொடிச் செதில்களுக்கு நடுவே பெரிய செதில்கள் சிதறிக் கிடப்பதையும், காதோரம் செதில்கள் முள்ளாக நீட்டியிருப்பதையும் பார்த்தாள். பிறகு போனில் என்னென்னவோ தேடி, வாயில் நுழையாத ஒரு பெயரைப் படித்துக் காட்டினாள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "உன் மூளையே மூளை லா!" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முகம் தெரிந்ததும் அவர் கேட்டது, "எங்க நம்ம ஓணான் டாக்டர்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டராம், டாக்டர்! பல்லி விழுந்தால் அலறுகிறவள் இவள்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் படம் வந்தது. "இப்ப வேற இடத்துக்கு மாத்திட்டாங்க, இங்க வேற ஓணான் இருக்கு" என்பார் மாமா. ஒரு வாரம் காப்பித்தூள் நிறம், ஒரு வாரம் ஏறக்குறைய வெள்ளை, ஒரு வாரம் மஞ்சள் பூசின மாதிரி. அக்கா ஒவ்வொரு படத்தையும் ரொம்ப நேரம் பார்ப்பாள், பிறகு மெதுவாக ஒரு பெயர் சொல்வாள். கடைசியில் போனை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் போய் மாமாவோடு தனியாகக் குசுகுசுவென்று பேசுவாள். என்ன பேசினாய் என்று கேட்டால், "ஓணான் விஷயம். உனக்குப் புரியாது" என்பாள். அம்மாவோ தோட்டம் முழுக்க என் பெரியவ, என் பெரியவ என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒருத்தி சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் பசி தாங்காமல் நானே சாப்பிட்டேன்.

நானும் நிறங்களை மனப்பாடம் செய்து பார்த்தேன். பிரயோசனமில்லை, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் எங்கள் வீட்டுச் செம்பருத்தி வேலியில் ஒரு பச்சை ஓணான் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை அதன் மேல் பாய்ந்தது. ஓணான் தப்பி உச்சிக் கிளைக்கு ஏறியது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண்ணுக்கு முன்னாலேயே அதன் பச்சை மங்கி, உடம்பு முழுக்கக் கருத்துப்போனது. அதே ஓணான்தான், நிறம்தான் வேறு.

உள்ளே ஓடி அம்மாவின் போனை எடுத்து, மாமா அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். நிறத்தை விட்டுவிட்டுச் செதிலை மட்டும் பார்த்தேன். காப்பித்தூள் ஓணானுக்குக் கழுத்துக்குப் பின்னால் செதில் உதிர்ந்து ஒரு வழுக்கை. அதன் ஓரத்தில் இரண்டாகப் பிளந்த ஒரு பெரிய செதில். வெள்ளை ஓணானுக்கும் அதே வழுக்கை, அதே பிளவு. மஞ்சளுக்கும் அப்படியே. முதலில் வந்த நீலத் தொண்டைக்காரனுக்கும் அப்படியே!

அக்கா சொன்ன அத்தனை பெயரும் தப்பு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை எப்படித்தான் மூடிக்கொண்டிருந்தேனோ.

பூசை முடிந்தது. படியில் அம்மா, அப்பா, அக்கா, சுற்றிலும் பக்கத்து வீட்டுச் சனங்கள். மாமா வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"மாமா, எல்லாம் ஒரே ஓணான்! நிறம்தான் மாறுது, செதில் மாறாது. கழுத்துக்குப் பின்னாடி வழுக்கையைப் பாருங்க. அக்கா சொன்னதெல்லாம் பொய்!"

அக்கா என் தொடையில் கிள்ளினாள். அப்படி ஒரு கிள்ளு. வயிறு எரிகிறது போல, நல்லா எரியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவின் லைன் போய்விட்டதோ என்று போனை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

அம்மா அதை என் கையில் இருந்து வாங்கினாள். "ஏன் தம்பி, ஒரே ஓணான் எப்படி நீ போற ஊருக்கெல்லாம் வரும்?"

"அக்கா..." என்றார் மாமா. அம்மாவைத்தான் கூப்பிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கம்பெனியை இழுத்து மூடிப் பல மாதம் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. மாமா எந்த இடத்துக்கும் மாறவில்லை. அதே கூடாரத்தில், பக்கத்தில் இருந்த பள்ளிவாசலில் கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்குத் தினமும் வெயில் காய வந்தது அந்த ஓணான். அம்மா படியிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை கலவரத்திலும், நான் கண்டுபிடித்ததை ஒருத்தரும் பாராட்டவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்பா லாரியை விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டுக்காகக் கோலாலம்பூருக்கு அலையாய் அலைந்தார். மாமா ஒரு வழியாக வந்து சேர்ந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் நிற்காமல். வாசலில் என் தலையைத் தடவினார். பிறகு உள்ளே போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்டுபிடித்தவள் நான், பிடித்துக்கொள்வது அவள் கையையா?

இரண்டாவது படத்திலேயே அது அதே ஓணான் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்ததாம். தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று மாமா கெஞ்சியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வாரம் ஒரு பெயர். இதையெல்லாம் மாமா என்னிடம் சொன்னது பல வருஷம் கழித்து, அக்காவின் கல்யாணத்தன்று, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

ஆனால் மாமா வந்த வாரம் முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை. நான்தான் விடாமல் போய் முன்னால் நின்றேன். "நான் ஜெயிச்சிட்டேன்னு பொறாமைதானே உனக்கு?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆமா லா, பொறாமைதான்" என்றாள்.

அதை நம்பி, தோட்டத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.