அட்டையில் ஏறிய வயது

மயிலம்மாள் எனக்கு ஓரகத்தி. உண்மையில் அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆதார் அட்டையில் அறுபத்தைந்து. அவள் புருஷன் மாதன் மிளகு பறிக்க மரமேறி விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்தபோது, முதியோர் பென்ஷன் வரட்டும் என்று எவனோ ஒரு புரோக்கர் இவள் வயதைக் கூட்டிக் கொடுத்தான். எங்களில் யார் பிறந்த தேதியை எழுதி வைத்தார்கள்?

பென்ஷன் மட்டும் எந்த மூலைக்கு? அடிவாரத்துக் கல் கிரஷரில் ஜல்லி அள்ளப் போனாள். இமை வரைக்கும் தூசி அப்பிக்கொண்டு வருவாள். மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அட்டையில் இருந்த வயதை மெஷினில் ஏற்றிவிட்டு, மூக்கில் கிளிப்பை மாட்டி வாயில் குழாயைக் கொடுத்தாள் ஒரு பெண். "ஊதுங்கம்மா, விடாம ஊதுங்க!" மயிலம்மாள் கண் பிதுங்க ஊதினாள். அதே வயதுக்காரரின் நல்ல நுரையீரல் எவ்வளவு ஊதுமோ, அதோடு மெஷினே ஒப்பிட்டுச் சொல்லுமாம்.

"அறுபத்தஞ்சு வயசுக்கு இது தாராளம். பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறந்தேன். தொடையில் கிள்ளிவிட்டாள், பாவி.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனக்கா, கெழவி கணக்குல பாத்து நல்லாருக்குங்கறாங்க. அதையா நம்பற?"

"சும்மா இரு கண்ணு. நெச வயசச் சொன்னா பென்சன் போயிரும். அந்த மனுசனுக்கு நீயா கஞ்சி ஊத்துவ?"

ஊற்ற எனக்கு ஏது வக்கு? மறுநாளே கிரஷருக்குப் போய்விட்டாள். டாக்டரே நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டாராம்.

இரண்டு வருஷத்தில், பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு ஏறும் மேட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வரும்படி ஆகிவிட்டது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே குழாய். ஊதும்போதே இருமல் பிடித்துக்கொண்டது.

"உங்க வயசுக்கே இது ரொம்பக் கம்மியா இருக்கும்மா" என்றார் டாக்டர்.

"எனக்கு அம்பத்தொண்ணுதானுங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அவர் வயதைத் திருத்திப் பழைய சோதனையையும் கணக்குப் பார்த்தார். அன்றைக்கே குறைச்சல்தான்.

"அப்பவே சொல்லியிருந்தா உங்களை அந்தத் தூசிக்கே போக விட்டிருக்க மாட்டேனே! கல்தூசி ஏறி இறுகிப்போச்சு. இனி பழையபடி ஆகாதும்மா."

நான் யாரைத் திட்ட? மயிலம்மாள் மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்:

"இதை ஆபீசுக்கு எழுதிப் போட்டுருவீங்களா சாமி? பென்சன் நின்னு போயிருமுங்களே."