பேய்க்கு எந்த ஊர்?

நான் சிங்கப்பூர் வந்த முதல் ஆகஸ்ட் மாதம், ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் பெரிய கூடாரம் போட்டுச் சீனப் பாட்டுக் கச்சேரி நடந்தது. உட்கார இடமில்லாமல் பின்னால் ஜனங்கள் நின்றுகொண்டிருக்க, முன்வரிசை மட்டும் முழுசாகக் காலி. நம்மூரில் இலவசக் கச்சேரிக்கு முன்வரிசை காலியாக இருந்தால் விடுவோமா? நேராகப் போய் நடுவில் உட்கார்ந்தேன். ஒரு சீன ஆன்ட்டி ஓடிவந்து, "நோ சிட், நோ சிட்!" என்று கையைப் பிடித்து எழுப்பினார். மந்திரி யாரோ வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "வி.ஐ.பி. கம்மிங்?" என்றேன். "யெஸ், யெஸ். ஆல்ரெடி கம்," என்றார் அவர், வெற்று நாற்காலிகளைக் காட்டி. நான் முழிப்பதைப் பார்த்துப் பின்னால் நின்ற ஒரு பெண் தமிழில் சிரித்தார். "அது 'அவங்க' சீட் லா. சீனக் கணக்குல இது ஏழாம் மாசம், செத்தவங்க எல்லாம் லீவுல வருவாங்க. நீங்க யாரோ ஒரு அங்கிள் மடியில உக்காந்துட்டீங்க."

அவர்தான் வாசுகி. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வங்கியில் வேலை. புதுக்கோட்டைப் பக்கம் பேய் என்றால் வேப்பிலையும் விளக்குமாறும்தான் தெரியும். நாற்காலி போட்டு, பாட்டும் பாடிக் காட்டும் ஊரை அன்றுதான் பார்த்தேன். அதைச் சொன்னதும் அவர், "அப்போ நீங்க இவரப் படிச்சே ஆகணும்," என்று மறுவாரமே நூலகத்திலிருந்து ஒரு தமிழ்ப் பேய் நாவலை எடுத்துவந்து கொடுத்தார். எழுதியவர் தமிழ்நாட்டுக்காரர். பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பீர்கள் என்பதால் பேயெழுத்தாளர் என்றே வைத்துக்கொள்வோம். ஊரில் இருந்தவரை பேருந்து நிலையக் கடைகளில் அவருடைய அட்டைப்படங்களைப் பார்த்து நானும் முகம் சுளித்தவள்தான். பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ரத்த மாதிரிக் குழாய்களோடு கிடந்துவிட்டு ரயிலில் அவரைப் படித்தபோதுதான், மனிதர் கெட்டிக்காரர் என்று தெரிந்தது. ரத்தமே இல்லாமல் பயமுறுத்துகிறார். அவர் கதைகளில் மாறாத சட்டம் ஒன்று உண்டு. மூச்சு எங்கே போனதோ, ஆவி அந்த இடத்தை விட்டு ஓரடி நகராது.

இப்படியாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் உணவுக்கடையின் மாடியில் நாங்கள் கூட ஆரம்பித்தோம். வாசகர் வட்டம் என்று சொன்னால் பெரிய பேச்சு. நான், வாசுகி, சில மாதங்கள் கழித்து அன்பு, அவ்வளவுதான். அன்பு சுரங்க ரயில் கட்டுமானத்தில் வேலை செய்கிறவன், அறந்தாங்கிப் பக்கம், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். பக்கத்து மேசையில் உட்கார்ந்து எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவன், "அக்கா, அந்த அணைக்கட்டுப் பேய் கெட்ட பேய் இல்லக்கா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க," என்று குறுக்கே புகுந்தான். தொழிலாளர் விடுதி அறையில் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அத்தியாயம் சத்தமாகப் படிப்பானாம். பன்னிரண்டு பேர் கேட்பார்கள். பயம் பிடித்தால் கழிப்பறைக்கு மூன்று பேராகப் போவார்கள். அடுத்த அத்தியாயம் எப்போது என்று அதிகம் நச்சரிப்பவன் அவனுடைய ஊர்க்காரன், மேல்கட்டில் சேகர்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்த சேகர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். முப்பத்தெட்டு வயது. உடல் விமானத்தில் ஊருக்குப் போனது, காரியமெல்லாம் முடிந்தது. அன்பு ஒரு மாதம் வரவில்லை. வந்த அன்று புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "இனிமே இதப் படிக்க மாட்டேன்க்கா," என்றான். சேகரின் மனைவி மலர்க்கொடி போனில் அழுதிருக்கிறார். உடம்பு வந்துவிட்டது, அவர் வந்த மாதிரியே இல்லை, ஒருநாள்கூடக் கனவில் வரவில்லை என்று. இவன் என்ன சொல்வதென்று தெரியாமல், உயிர் போன இடத்தில்தான் ஆவி நிற்கும், அதனால் இங்கேயேதான் இருப்பான் என்று நாவலில் படித்ததை ஆறுதல் போலச் சொல்லித் தொலைத்திருக்கிறான். அன்றிலிருந்து அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை. "அவர அங்க தனியா விட்டுட்டேனே" என்று ஒரே புலம்பல். மூச்சுப் போன இடத்து மண் ஒரு பிடி வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாசலில் போட்டால் வந்துவிடுவார், அது எங்கள் வீட்டு வழக்கம் என்று கேட்கிறார்.

"கதைதானே லா. பொய்னு சொல்லிடுங்க," என்றார் வாசுகி.

"பொய்னு சொன்னா, அப்ப அவரு எங்க இருக்காருன்னு கேப்பாங்க. அதுக்கு என்னக்கா சொல்ல?"

அதுவரை எத்தனையோ ஞாயிறுகள் இதே மேசையில் ஆவி நகருமா நகராதா என்று தேநீரை ஆறவிட்டுச் சண்டை போட்டிருக்கிறோம். அன்று அந்தக் கேள்வி விளையாட்டாக இல்லை. வாசுகி மெதுவாகச் சொன்னார், "எங்க அப்பா இங்க இறந்தாரு, இங்கதான் இருப்பாரு, எனக்கு அது ஓகே. ஆனா உங்க ஃப்ரெண்டுக்கு இங்க என்ன இருக்கு? ஏன் இங்க நிக்கப் போறாரு?" ஆறுதலாகத்தான் சொன்னார். அன்புக்குச் சுருக்கென்றது. "ஒன்பது வருசம் இருந்தான்க்கா," என்று மட்டும் சொன்னான்.

மண்ணுக்குத்தான் பெரும்பாடு. சேகர் இறந்தது விடுதியின் மூன்றாம் மாடியில். கீழே இறங்கினால் சிமென்ட்டு, அதைத் தாண்டினால் புல்தரை. புல்லைப் பிடுங்கி எடுக்கலாமே என்றேன். "அந்த டார்மிட்டரி நிக்கிற எடமே ரிக்ளெய்ம்டு லேண்ட். கடலை மூடினது. மண்ணு கப்பல்ல வந்திருக்கும்," என்றார் வாசுகி. மலர்க்கொடி கேட்டது எந்த நாட்டு மண் என்பதே குழப்பமாகிவிட்டது. கடைசியில் அன்புதான் நிமிர்ந்தான். "பூட்ஸ்ல இருக்குக்கா." சேகரின் சாமான்களைக் கட்டி அனுப்பியபோது, அறை வாசல் ரேக்கில் கிடந்த வேலை பூட்ஸ் மட்டும் விட்டுப்போயிருந்தது. அடிப்பகுதியில் சுரங்கக் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கிறதாம். "அவன் கடைசியா நின்ன மண்ணு அதுதானே?"

அடுத்த மாதம் எனக்கு ஊர் விடுப்பு. அன்பு சுரண்டிய மண்ணைத் தைல டப்பா ஒன்றில் அடைத்துக் கொடுத்தான். திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி டப்பாவைத் திறந்துவிட்டார். "மண்ணா? தங்கத்த இப்பப் பேஸ்ட்டாக்கிக் கொண்டு வர்றாங்கம்மா," என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் விரலைத் துடைக்கக்கூட இல்லை. மூடியை இறுக்கமாகத் திருகி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

மலர்க்கொடி குளித்துவிட்டுக் காத்திருந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். கணவர் பெயரை அவர் அதுவரை வாயால் சொன்னதே இல்லை. டப்பாவை வாசலில் கவிழ்த்தபோது, முதலில் காற்றாகத்தான் வந்தது குரல். அப்புறம், "சேகரு, வந்துருங்க. வீட்டுக்கு வந்துருங்க," என்று தெருவே கேட்கச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். சடங்கில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்றெல்லாம் அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அவரும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு வாய் சாப்பிட்டபின் கேட்டார், "எல்லாம் வந்துருச்சுல்லக்கா? அங்க மிச்சம் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல மலரு. எல்லாம் வந்துருச்சு," என்றேன்.

திரும்பி வந்த ஞாயிறு, மாடியில் அன்பிடம் அத்தனையையும் சொன்னேன். மலர்க்கொடி சாப்பிட்டார் என்றதும் அவனுக்கு முகம் தெளிந்தது. வாசுகி, பேயெழுத்தாளரின் சட்டம் உடைந்தது என்று சொல்லிச் சிரித்தார். அன்பு மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"மிச்சம் இருக்கான்னு கேட்டாங்களாக்கா?"

"கேட்டாங்க. எல்லாம் வந்துருச்சுன்னு சொல்லிட்டேன். ஏன்?"

"ஒரு பூட்ஸத்தான்க்கா சுரண்டினேன். இடது காலு. வலது காலையும் கையில எடுத்தேன், சுரண்ட மனசு வரல. அது ரேக்குல அவன் எடத்துலயே இருக்கு. ரூம்ல யாரும் எடுக்கச் சொல்லல."